அம்மாவோடு ஈரான்: வேண்டாம் என்றால் வேண்டும் என்றா?

தெஹ்ரான், சனிக்கிழமை

இந்த ஊரில் வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது. வெள்ளிதான் விடுமுறை. நம்மூர்த் திங்கட்கிழமைக் காலைக்குரிய அத்தனை அவசரத்தோடும் தெஹ்ரான் ஓடிக்கொண்டிருக்கும்போது, மும்பை வழியாக வந்து இறங்கினோம். 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியர்கள் விமானத்தில் வந்தால் விசா இல்லாமல் 15 நாள் வரை தங்கலாம் என்று ஈரான் அறிவித்த கையோடு டிக்கெட் போட்டுவிட்டேன் (அந்தச் சலுகையை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்). நவ்ரூஸ் என்கிற அவர்களுடைய புத்தாண்டு மார்ச் 20-ம் தேதி. அதனால் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் கழுவிய கம்பளம் தொங்குகிறது.

கூட வந்திருப்பது அம்மா. திருச்செந்தூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எனக்கும் பாரசீகம் தெரியாது. கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. மொழி தெரியாத இரண்டு பெண்கள் எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். முதல் நாளிலேயே எனக்கு வேறொன்று தெளிவாகிவிட்டது. இங்கே மொழி இரண்டாவது விஷயம். பேச்சுக்கு அடியில் ஓடுகிற முறை என்று ஒன்று இருக்கிறது, அது பிடிபட்டால்தான் எதுவும் பிடிபடும்.

ஹோட்டல் லிஃப்ட் வாசலில் அதைப் பார்த்தோம். கோட் போட்ட இரண்டு பெரியவர்கள். கதவு திறந்தது. ஒருவர் கையை நீட்டி "நீங்கள் முதலில்" என்றார். மற்றவர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து, அவரை முன்னே போகச் சொன்னார். இவர் மறுபடி. அவர் மறுபடி. இதற்குள் கதவு மூடி, லிஃப்ட் மேலே போய்விட்டது. இரண்டு பேர் முகத்திலும் துளி எரிச்சல் இல்லை. அடுத்த லிஃப்டுக்காகக் காத்திருந்தார்கள், அது வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அம்மா என் காதில் சொன்னாள்: "கல்யாண வீட்டுல பந்திக்குப் போறதுக்கு உங்க தாத்தாவும் சம்பந்தியும் இப்படித்தான் நிப்பாங்க."

இதற்கு இங்கே தாரோஃப் என்று பெயர். உபசாரம், பணிவு, மறுப்பு, மறுபடி வற்புறுத்தல் எல்லாம் சேர்ந்த ஒரு முறை. விமான நிலையத்திலிருந்து எங்களை அழைத்துவந்த டாக்சிக்காரர்கூட, எவ்வளவு என்று கேட்டதும், உங்களிடம் வாங்குகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்கிற பொருளில் ஏதோ சொல்லி நெஞ்சில் கைவைத்தார். நான் மறுபடி கேட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை நோட்டை நீட்டியதும் தொகையைச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

தெஹ்ரான், ஞாயிற்றுக்கிழமை

இன்று பணத்தைப் புரிந்துகொள்வதிலேயே பாதி நாள் போயிற்று. நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால். வாயில் வருவது தோமான். பத்து ரியால் ஒரு தோமான். அதோடு நிற்காது, பேச்சில் ஆயிரத்தையும் விழுங்கிவிடுவார்கள். கடைக்காரர் "ஐம்பது" என்றால் ஐம்பதாயிரம் தோமான், அதாவது ஐந்து லட்சம் ரியால். புதிய நோட்டுகளில் கடைசி நான்கு சைபரை வெளிறிய மையில் அச்சிட்டிருக்கிறார்கள், கண் அதைத் தாண்டிப் போகட்டும் என்று. எழுதியிருப்பது ஒன்று, சொல்வது ஒன்று, கொடுப்பது ஒன்று. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

வெளிநாட்டு வங்கி அட்டை எதுவும் இங்கே வேலை செய்யாது. உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் அட்டைதான். ஆனால் ரகசிய எண்ணைத் தாங்களே தட்டுவதில்லை. கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்கிறார்கள், அவர் தட்டிக்கொள்கிறார். பின்னால் வரிசையில் நிற்கிற நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். வங்கியிலிருந்து வருகிற ஒவ்வொரு குறுஞ்செய்தியும் யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டுகிற நாட்டிலிருந்து போன எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மூன்று கடை பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் கையால் மறைத்துக்கொண்டு எண்ணைத் தட்டினால், எதிரே நிற்பவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பெரிய பஜாரில் தேயிலைக் கடை. மூட்டை மூட்டையாக சிலோன் டீ. ஈரானியர்களுக்கு இலங்கைத் தேயிலை என்றால் உயிர். பாக்கி வைத்திருந்த 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனை இலங்கை தேயிலையாகவே தருவதாக 2021-ல் ஒப்பந்தம் போட்டது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நம் மலையகப் பெண்கள் கிள்ளுகிற கொழுந்தில் ஒரு பங்கு இந்தச் சமோவரில்தான் கொதிக்கிறது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் வழியாகப் பால் இல்லாத டீயை உறிஞ்சுகிறார்கள். அம்மா இரண்டாவது கிளாஸிலேயே அதைப் பழகிவிட்டாள்.

அங்கேதான் ஒரு சின்ன உரசல். அம்மா ஏலக்காய் இருக்கிறதா என்று சைகையால் கேட்டாள். கடைக்காரர் மோவாயை மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் "ச்" என்றார். அம்மா முகம் வாடிவிட்டது. நம்மூரில் அந்த "ச்" சலிப்பு. ஏன் தொந்தரவு செய்கிறாய் என்பது. இங்கே அது வெறும் "இல்லை". துருக்கியிலிருந்து ஈரான் வரை இல்லை என்று சொல்வதே இப்படித்தான். அவர் சொன்ன மறு நிமிடமே பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பி ஏலக்காய் வாங்கிவந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அம்மாவே மோவாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் சரியாக வருகிறதா என்று.

இஸ்ஃபஹான், திங்கட்கிழமை

தெஹ்ரானிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பஸ்ஸில் வரிசைக்கு மூன்றே இருக்கை, கால் நீட்ட இடம், ஏறியதும் கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அறிமுகமில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். நடத்துநர் நாலு பேரை இடம் மாற்றி எங்களை உட்காரவைத்தார். ஆண்கள் பெண்களுக்குக் கை கொடுப்பதில்லை, நெஞ்சில் கைவைத்துத் தலையசைப்பதோடு சரி. அம்மாவுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முக்காடு மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டம் என்பதால் போட்டிருக்கிறாள், போடும்போதெல்லாம் அதைச் சொல்கிறாள். முக்காட்டைத் தோளில் நழுவவிட்டு நடக்கிற தெஹ்ரான் பெண் பிள்ளைகளைப் பார்த்தால் நின்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவோ இருந்தது.

வழிநெடுகக் கேள்விகள். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளை, மாதச் சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா. ஐரோப்பியப் பயணிகள் எழுதுகிற குறிப்புகளில் இதை அத்துமீறல் என்று வாசித்திருக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் தாண்டுவதற்குள் இத்தனையையும் கேட்டு முடித்துவிடுகிற ஊர் எங்களுடையது. அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொல்லிப் பதிலுக்கு எல்லாவற்றையும் கேட்டாள்.

இஸ்ஃபஹான், செவ்வாய்க்கிழமை

நக்‌ஷ்-எ ஜஹான் சதுக்கத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம், நான்கு பக்கமும் நீல ஓடு. அழகுதான். எனக்குப் பேச வேண்டியது ஜாயந்தே ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற ஜுல்ஃபா பற்றி.

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மீனியர்களை அவர்களுடைய ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார். பட்டு வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது. கிறிஸ்தவர்கள், இஸ்லாமிய அரசின் பாதுகாப்பில் வாழ்ந்தவர்கள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை வியாபாரம் செய்தவர்கள். வாங்க் தேவாலயத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் மசூதி மாதிரி குவிமாடம். உள்ளே போனால் சுவர் முழுக்க விவிலியக் காட்சிகள், கீழே பாரசீக ஓடு. 1638-லேயே இங்கே அச்சகம் வைத்து விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தை அச்சடித்திருக்கிறார்கள். ஈரானில் அச்சான முதல் புத்தகம் அதுதான்.

இந்த ஊர்க்காரர்கள்தான் நம் சென்னைக்கும் வந்தவர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஜுல்ஃபா ஆர்மீனியர். பரங்கிமலைக்குப் படி கட்டியதும் அவர்தான். உலகத்தின் முதல் ஆர்மீனியச் செய்தித்தாள் 'அஸ்தரார்' 1794-ல் மதராஸில்தான் வெளிவந்தது. நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் ஷிராஸில் பிறந்தவர். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சைதாப்பேட்டை பாலமா? அதுல எத்தனை தடவ போயிருக்கேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது அங்கே இருப்பது 1960-களில் கட்டிய மறைமலை அடிகள் பாலம், ஆனால் இடம் அதேதான். ஒவ்வொரு அரசவையிலும் எதைக் கேட்கலாம், எதை மூன்று தடவை மறுத்த பிறகு வாங்கலாம் என்று தெரியாமல் அந்த மனிதர்கள் இவ்வளவு தூரம் வந்து பிழைத்திருக்க முடியாது. அவர்கள் சுமந்துவந்த சரக்கில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

இரவு விடுதி முற்றத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி. கணவர் கொதித்துப் போயிருந்தார். அச்சுத்துணிக் கடையில் ஒரு மேசைவிரிப்பு எடுத்திருக்கிறார். விலை கேட்டதும் கடைக்காரர் வழக்கம்போல, உங்களுக்குக் கொடுக்க இது தகுதியில்லாதது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். இவர் நெகிழ்ந்து நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலேயே கடைப் பையன் ஓடிவந்திருக்கிறான். "காசு வேண்டுமென்றால் கேட்க வேண்டியதுதானே? என்னைத் திருடன் மாதிரி நிற்கவைத்துவிட்டார்கள்" என்றார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எதிரே இருப்பவரை ஊகிக்கவிடாமல், இருப்பதை இருக்கிறபடி சொல்வது அவர் வளர்ந்த இடத்தில் மரியாதை. ஆனால் கடைக்காரர் பொய் சொன்னார் என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் வீட்டுக்கு உச்சிவேளையில் தபால்காரர் வந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்கிறோம். அவர் "இருக்கட்டும்மா, இப்பதான் ஆச்சு" என்கிறார். இரண்டுமே உண்மை இல்லை. இரண்டு பேரும் ஏமாறவும் இல்லை. பண விஷயத்துக்கு முன்னால், நீ எனக்குப் பணத்தைவிடப் பெரியவன் என்று ஒருவர் சொல்லிவைக்கிறார். மற்றவர், அந்த மரியாதையை நான் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன் என்று சொல்கிறார். அதன் பிறகு வியாபாரம். சொல்லாமல் நேரே வியாபாரத்துக்குப் போனால் அந்தக் கடைக்காரருக்கு அது மனிதர்கள் நடந்துகொள்கிற முறையாகவே தோன்றியிருக்காது.

விடுதிக்காரரின் மகள், கல்லூரி மாணவி, நல்ல ஆங்கிலம். அவள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு தாரோஃப் மேல் பெரிய மோகம் ஒன்றும் இல்லை. வேலையிடத்தில் மேலாளர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாயே வராது, சம்பளத்தைப் பேச முடியாது, எல்லாவற்றிலும் சுற்றிவளைப்பு, களைப்பாக இருக்கிறது என்றாள். பிறகு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தாள். "வீட்டுக்கு வாருங்கள் என்று நூறு பேர் சொல்வார்கள். எப்போது, எங்கே, எப்படி வருவது என்று சொன்னால்தான் நிஜ அழைப்பு. சொல்லாவிட்டால் அது வணக்கம் சொல்கிற மாதிரி." ஜெர்மன்காரர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

யாஸ்த், புதன்கிழமை

வறண்ட பாலையில் 320 கிலோமீட்டர் போல. பக்கத்து இருக்கையில் யாஸ்துக்காரப் பெண்மணி ஒருவர், அம்மா வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் அம்மா தன் நெஞ்சைத் தட்டி, கரும்பலகையில் எழுதுவது போல் காற்றில் எழுதிக் காட்டினாள். அதோடு என் செயலிக்கு ஓய்வு. அவர் பாரசீகத்திலும் அம்மா நெல்லைத் தமிழிலும் மூன்று மணி நேரம் பேசினார்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள், முழங்கால் வலி, இடுப்புவலி எல்லாம் கடந்தன.

இறங்கும் முன்பு வீட்டுக்கு அழைத்தார். அம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். மறுபடி அழைத்தார். அம்மா என்னைக் காட்டி, பெட்டியைக் காட்டி, வேண்டாம் உங்களுக்குச் சிரமம் என்று முகத்தாலேயே சொன்னாள். உடனே அவர் என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பதிந்து, தெருப் பெயரைத் தட்டி, நாளை இரவு 7 மணி, மகன் காரில் வந்து கூட்டிப்போவான் என்று எழுதிக் கொடுத்தார். எப்போது, எங்கே, எப்படி. மூன்றும் வந்துவிட்டது. நான் சூத்திரத்தைச் சொல்வதற்குள் அம்மா தலையை ஆட்டி ஒத்துக்கொண்டுவிட்டாள்.

யாஸ்த், வியாழக்கிழமை

காலையில் நெருப்புக் கோவில். இஸ்லாமுக்கு முந்தைய ஈரானிய மதத்தவரான ஜொராஸ்திரியர்கள் கி.பி. 470-லிருந்து அணையாமல் காத்துவருவதாகச் சொல்லும் நெருப்பு கண்ணாடிக்குப் பின்னால் எரிகிறது. கட்டடம் 1934-ல் வந்தது, அதே மதத்தவரான பம்பாய்ப் பார்சிகள் கொடுத்த பணத்தில்.

பழைய ஊரின் மண் சந்துகளில் என்னைப் பிடித்து நிறுத்தியவை கதவுகள். ஒவ்வொரு மரக்கதவிலும் இரண்டு தட்டுவான்கள். ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டை, மறுபக்கம் மெல்லிய வளையம். ஆண் வந்தால் கட்டையைத் தட்ட வேண்டும், "டொம்" என்று கேட்கும். பெண் வந்தால் வளையம், "டிங்". உள்ளே இருப்பவர்களுக்கு யார் போய்த் திறப்பது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே பாதி பேச்சு நடந்து முடிந்துவிடுகிறது. அம்மா இரண்டையும் தட்டிப் பார்த்தாள். கட்டைச் சத்தம் கேட்டு ஒரு தாத்தா வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு நடந்தோம்.

இனி இரவு விருந்து. இதை எழுதத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், டீச்சரின் அக்கா. முதலில் டீ. பிறகு பழத்தட்டு, அதில் ஆரஞ்சோடும் ஆப்பிளோடும் வெள்ளரிக்காய். இங்கே வெள்ளரிக்காயும் பழத்தில் சேர்த்திதான். டீச்சர் அம்மாவின் தட்டில் ஒரு ஆரஞ்சை வைத்தார். அம்மா தட்டைக் கையால் மூடினாள். அவர் கையை விலக்கி வெள்ளரிக்காயை வைத்தார். அம்மா பாதியை நறுக்கி அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைத் திருப்பி வைத்து, கூடவே ஒரு கைப்பிடி பிஸ்தாவும் போட்டார். எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தரையில் விரிப்பு விரித்துச் சாப்பாடு வந்தது. சிவப்பு ஜெரெஷ்க் பழம் தூவிய குங்குமப்பூச் சோறு, மேலே கோழி. கீரையும் ராஜ்மாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து கருகருவென்று வெந்த கோர்மே சப்ஜி. தனித்தட்டில் தாதீக், அதாவது சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த காந்தல். அதை விருந்தாளிக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

அம்மா கறி சாப்பிட மாட்டாள். பழத்தட்டில் அவ்வளவு கைகொடுத்த முறை இங்கே எதிரியாக நின்றது. அம்மா நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கோழித்துண்டை வைத்தார். அம்மா இரண்டு கையும் கூப்பினாள். அவர் இன்னொரு துண்டை வைத்தார். நான் செயலியில் "அம்மா சைவம்" என்று காட்டினேன். அக்கா கவலையோடு அம்மாவின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார், உடம்பு சரியில்லையா என்று. மருமகள் குழம்பிலிருந்து கறித்துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு, மீதியை அன்போடு அம்மாவின் சோற்றில் ஊற்றினாள். இது தாரோஃப் இல்லை, நிஜமாகவே வேண்டாம் என்று காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். தாரோஃப் செய்கிற ஒவ்வொருவரும் சொல்கிற வசனம் அது.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவர்களைப் புண்படுத்துகிறோமே என்று. என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, அப்பா ஆப்பரேஷனுக்கு நான் நேர்ந்துக்கிட்டதச் சொல்லு."

2011-ல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, பிழைத்து வந்தால் இனி கவிச்சி தொடமாட்டேன் என்று திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து தொடவில்லை. அதைத் தட்டச்சு செய்து காட்டினேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்ததும் "நஸ்ர்!" என்றார், அக்காவைப் பார்த்து. நேர்த்திக்கு அங்கே அதுதான் பெயர். தட்டை உடனே எடுத்தார். ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. எழுந்துபோய், கை கழுவிவிட்டு, புதுத் தட்டில் வெள்ளைச் சோறு, தயிர், பாலாடைக்கட்டி, பச்சைத் துளசியும் முள்ளங்கியும், ரொட்டி, மீதமிருந்த காந்தல் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், தோட்டத்தில் வெண்டைக்காய் போட்டிருக்கிறார் என்று சொன்னதும் எல்லோரும் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள். அவருக்கும் ஒரு நேர்த்தி இருக்கிறதாம். மகனின் விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் குங்குமப்பூவும் பன்னீரும் போட்டு அரிசிப் பாயசம் கிண்டி, மேலே பட்டைத்தூளால் பெயர் எழுதி, தெரு முழுக்கக் கொடுக்கிறார்.

நாலு மறுப்பு செய்யாததை இது எப்படிச் செய்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெறும் "வேண்டாம்" அந்த வீட்டில் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அதை வற்புறுத்தித் தாண்டுவது வீட்டுக்காரரின் கடமை, தாண்டாவிட்டால் அவருக்குக் குறை. சைவம் என்பது அவர்களுக்கு ஒருவரின் விருப்பம். விருப்பத்தையும் அன்பால் தாண்டலாம். நேர்த்தி அப்படி இல்லை. அது கடவுளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிறது, மூன்றாம் மனிதர் யாரும் அதில் கைவைக்க முடியாது. நம் வீடுகளிலும் "இன்னைக்கு விரதம்" என்றதும் கரண்டி தானாகப் பின்வாங்குகிறதே. செயலியில் அகராதிச் சொல் சரியாகத்தான் வந்தது. அவர்கள் வாழ்க்கையில் அந்த மறுப்பு உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது, அம்மா அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

கிளம்ப ஒரு மணி நேரம் பிடித்தது. அறையில் ஒரு விடை, செருப்பு மாட்டும்போது ஒரு விடை, கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு விடை.

ஷிராஸ், வெள்ளிக்கிழமை

பகல் முழுக்க பஸ். மாலையில் கவிஞர் ஹாஃபிஸ் சமாதி. பிரெஞ்சுக்காரர் ஆந்திரே கோதார் 1930-களில் வடிவமைத்த தூண் மண்டபத்துக்குக் கீழே, சலவைக்கல்லில் விரல் வைத்துக்கொண்டு ஜனங்கள் அவருடைய கவிதையை முணுமுணுக்கிறார்கள். வாசலில் ஒருவர் கையில் சின்னக் கிளி, பெட்டி நிறையச் சீட்டு. கிளி எடுத்துத் தருகிற சீட்டில் ஹாஃபிஸின் வரிகள் இருக்கும், அதுதான் நமக்கான குறி. அம்மா விலைகூடக் கேட்காமல் நோட்டை நீட்டினாள். நம்மூர்க் கிளி ஜோசியத்தை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சீட்டை வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னான்: பிரிந்தவர்கள் சேருவார்கள், கவலை வேண்டாம். அவனுக்கும் கொடுக்க நீட்டினாள். மோவாயைத் தூக்கி "ச்" என்றான்.

ஷிராஸ், சனிக்கிழமை

ஷிராஸிலிருந்து 60 கிலோமீட்டரில் பெர்செபோலிஸ். கி.மு. 6-ம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் தாரியஸ் தொடங்கியது, கி.மு. 330-ல் அலெக்சாந்தரின் படை எரித்தது. அபதானா மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டுச் சுவரில், பேரரசின் 23 இனத்தார் காணிக்கை கொண்டுவருகிற வரிசை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு பாரசீகரோ மீடியர் இனத்தவரோ, வந்தவர்களில் முதல் ஆளின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். தோற்றவர்களைக் கட்டி இழுத்துவருவதைச் செதுக்கிய அரசுகள் உண்டு. இவர்கள் கையைப் பிடித்தார்கள். கப்பம் வாங்குகிற அரசுதான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனாலும் எப்படி வரவேற்றதாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி.

இந்தியர்களைத் தேடினோம். பெரும்பாலோருக்கு இடுப்பில் வேட்டி, வெறும் மார்பு, வெறுங்கால். ஒருவர் தோளில் தண்டு, அதன் இரு முனையிலும் தொங்குகிற கூடைகள், பொற்துகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பின்னால் ஒரு கழுதை. "காவடிட்டி" என்றாள் அம்மா, கல்லைத் தொடப் போய், கயிறு கட்டியிருந்ததால் கையை இழுத்துக்கொண்டு.

இங்கே மண்ணுக்கடியில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் பெரும்பாலும் ஈலமைட் மொழியில் இருக்கின்றன. ஆண்டவர்கள் பேசியது பாரசீகம், கணக்கர்கள் எழுதியது ஈலமைட், கொஞ்சம் அரமைக், ஒன்றே ஒன்று கிரேக்கத்தில். இந்தியாவிலிருந்து வந்த பயணிகளுக்கு வழியில் மாவு அளந்து கொடுத்த குறிப்பும் அவற்றில் உண்டு. ஒரே மொழியைத் திணிக்காமலே அவ்வளவு பெரிய நிலத்தில் வருகிறவர்களுக்குப் படி அளந்திருக்கிறார்கள்.

ஷிராஸ், ஞாயிற்றுக்கிழமை

இரவு விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது யாஸ்த் டீச்சரிடமிருந்து ஒரு குரல் செய்தி. நாங்கள் போன 2024-ல் வாட்ஸ்அப்புக்கு இங்கே தடை இருந்தது, ஆனாலும் எல்லோரும் ஏதோ ஒரு சுற்றுவழியில் வைத்திருந்தார்கள். பாரசீகத்தில் நீளமாகப் பேசியிருந்தார். செயலி பாதிதான் பிடித்தது: நவ்ரூஸுக்கு இருந்திருக்கலாமே, அப்பாவுக்கு சலாம், முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

அம்மா பதில் சொல்ல வேண்டும் என்றாள். செயலியில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவள் குரலில் பேசினாள், நான் குரலிலேயே பேசுகிறேன், நீ அடியில் எழுதி அனுப்பு என்றாள். பிறகு கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"டீச்சர், வைகாசி விசாகத்துக்கு நீங்க வரணும். மே மாசம் 22-ம் தேதி வருது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெட்ராஸ் வந்துருங்க. எழும்பூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறுனா மறுநாள் காலைல திருச்செந்தூர். ஸ்டேஷனுக்கு எங்க வீட்டுக்காரர் வருவாரு, நீலக் கலர் ஸ்கூட்டர்… அது வேண்டாம், ஆட்டோ சொல்லி வச்சிருதோம். உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க. மாடில ரூம் சும்மாதான் கெடக்கு."

எல்லாவற்றையும் பாரசீகத்துக்கு மாற்றி, ரயில் பெயர், தேதி, வீட்டு முகவரியோடு அடியில் போட்டு அனுப்பினேன். டாக்சி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. விசா கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தார்.